நவீன ஸ்போர்ட்ஸ் காருக்குக் கம்பிச் சில்லு: மரைச் சிறகு நட்டா, போல்ட் தட்டா?

கடலோரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நான்காம் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, 1.5 லீற்றர் எஞ்சினுடன் உள்ளது. அதன் 16 அங்குல அலோய் சில்லுகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பம்பலப்பிட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் மாமா நிறுத்தி வைத்திருந்த எம்ஜிபி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் கம்பிச் சில்லுகளை, ஞாயிறு காலைகளில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து வளர்ந்தவன் நான். சில்லுக்கு 60 கம்பி, நான்குக்கும் 240. அந்த ஆசை இன்னும் போகவில்லை.

சில்லு பூட்டப்படும் ஹப்பின் மேல் பல்வரிசை அடாப்டரை, அதாவது சில்லின் நடுவிலுள்ள பற்களோடு பொருந்தும் இடைத்துண்டைப் பூட்டி, நடுவில் சிறகுபோல் காதுகள் நீட்டிய ஒரேயொரு நட்டால் (சிறகு நட்டு) சில்லை இறுக்குவது ஒரு வழி. நடுத்தட்டில் நான்கு துளையிட்ட கம்பிச் சில்லை நேராகவே போல்ட்டில் பூட்டுவது மற்றொன்று. எது பாதுகாப்பானது? போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர், நடுத்துளை 54.1, டயர் 195/50. தினமும் மெரின் டிரைவ் வழியாகக் கோட்டைக்கும், மாதம் ஒருமுறை தெற்கு அதிவேக வீதியில் காலிக்கும் ஓடுகிறேன்.

பழம்பொறி:
பல்வரிசை வழி அழகானது. பாதி அழகே அந்தச் சிறகு நட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கென்று ஓர் ஒழுக்கம் உண்டு. எம்ஜிபியில் காரின் இடப்பக்க நட்டு வலஞ்சுழியாகச் சுற்றினால் இறுகும், வலப்பக்க நட்டு இடஞ்சுழியாகச் சுற்றினால் இறுகும். சில்லு முன்னோக்கி உருளும்போது நட்டுத் தளராமல் மேலும் இறுகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒரு கராஜில் என் காரின் ஹப்புகளை இடவலம் மாற்றிப் பூட்டிவிட்டார்கள். தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தபோது, நட்டிலும் ஹப்பிலும் சேர்த்து நான் நகப்பூச்சால் இழுத்து வைத்திருந்த கோடு ஓர் அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன்.

பற்களுக்குக் கிறீஸ் பூசாமல் விட்டால் அவை கூர்மையாகத் தேய்ந்து, பிரேக் அடிக்கும்போதெல்லாம் சில்லு முன்னும் பின்னும் சற்று ஆடும். அன்றாடம் ஓடும் மஸ்டாவுக்கு இந்தத் தொல்லை தேவையில்லை. போல்ட் தட்டையே எடுங்கள். சிறகு போன்ற மூடி மட்டும் வைத்துக்கொண்டால் கண்ணுக்கு நிறைவு கிடைக்கும். சிறகுகள் பாதசாரிகளைக் காயப்படுத்தும் என்று அமெரிக்கா 1968இல் அவற்றை விலக்கியது என்பதையும் மனதில் வையுங்கள்.

அளவுகோல்:
பழம்பொறி ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் என் காரணம் வேறு. அடாப்டரின் தடிப்பு முழுவதும் சில்லை வெளியே தள்ளுகிறது. 30 மில்லிமீற்றர் தடித்த அடாப்டர் என்றால், 45 என்றிருந்த ஆஃப்செட் (சில்லின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் வரையான தூரம்) 15 ஆகிவிடும். ஒவ்வொரு பக்கமும் டயர் 3 சென்ரிமீற்றர் வெளியே வந்து மட்காட்டில் உரசுவதோடு, ஸ்டீரிங்கின் உணர்வும் பெயரிங்கின் சுமையும் மாறும்.

டயருக்கு 15 அங்குலத்தில் 185/60 போடுங்கள். இப்போதுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 601 மில்லிமீற்றர், இதன் விட்டம் 603. ஸ்பீடோமீற்றரும் ஏபிஎஸ்ஸும் வேறுபாட்டை உணராது. கம்பிகளை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டுகளான நிப்பிள்களின் துளைகள் உள்ளிருந்து அடைக்கப்பட்ட, டியூப் வேண்டாத ரிம்மையே கேளுங்கள். டியூப் இல்லாமல் ஓட வடிவமைத்த டயரின் உட்புறத்தில் இருக்கும் மேடுகளும் ஒட்டுத்தாள்களும், உள்ளே போட்ட டியூப்பை வெப்பத்தில் அராவிக்கொண்டே இருக்கும். குத்தினால் காற்று ஒரே மூச்சில் போய்விடும்.

காசு கொடுப்பதற்கு முன், விற்பவரிடம் சில்லின் குறுக்குவெட்டு வரைபடம் வாங்கி அட்டையில் வெட்டி, சில்லு உரசாமல் சுழலுமா என்று அறிய, பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் கலிப்பரின் மேல் களிமண் உருண்டை ஒட்டிச் சுற்றிப் பாருங்கள். போல்ட்டில் நட்டு குறைந்தது எட்டுச் சுற்று ஏற வேண்டும். மரை இடைவெளி 1.5 மில்லிமீற்றர் என்பதால் அது 12 மில்லிமீற்றர், அதாவது போல்ட்டின் தடிப்பளவு.

உப்புக்காற்று:
எனக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை என்பதை மரியாதையோடு சொல்கிறேன். கம்பிகள் இழுவிசையை மட்டுமே தாங்கும்; வளைவில் இன்றைய டயர் பிடிக்கும் பிடியில் பக்கவாட்டுச் சுமை கூடி, நிப்பிள்கள் மெல்லத் தளரும். ஜாகுவாரே தன் சி-டைப் பந்தயக் காரில் கம்பிச் சில்லோடு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றுவிட்டு, 1954இல் அடுத்து வந்த டி-டைப்புக்கு டன்லப்பின் இலகு உலோகச் சில்லைத்தான் பூட்டியது. மெரின் டிரைவில் குரோம் பூச்சு எத்தனை மழைக்காலம் தாங்கும்? சைக்கிள் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பவர்கள் ஊரெங்கும் உண்டு. கார் ரிம்முக்கு எடுப்பவரை நான் தேடி அலைந்திருக்கிறேன். எட்டுக் கை மினிலைட் பாணி அலோய் போடுங்கள். அதுவும் அறுபதுகளின் முகம்தான்.

பழம்பொறி:
பந்தயத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் மோர்கன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட, பிஎம்டபிள்யூ எஞ்சின் பூட்டிய பிளஸ் ஃபோருக்குக் கம்பிச் சில்லைத் தெரிவாகத் தருகிறது. ஆகவே, அதற்கென்றே கணக்கிட்டுச் செய்தால் முடியாத காரியமல்ல. குரோமை விட்டுவிட்டு வெள்ளிநிறப் பூச்சோடு துருவேறாத எஃகுக் கம்பி எடுத்தால் கடற்காற்றின் கவலை பெருமளவு குறையும். கோட்டம் எடுப்பதைப் பற்றி மட்டும் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

கடலோரத்தான்:
அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை அட்டை வெட்டிப் பார்த்தேன். ரிம்மின் உள்விளிம்பு கலிப்பரைத் தாண்டிவிட்டது. ஆனால் கம்பிகள் நடுத்தட்டுக்கு இறங்கும் இடத்தில் களிமண் 3 மில்லிமீற்றர் நசுங்கியிருந்தது. நடுத்தட்டை இன்னும் 5 மில்லிமீற்றர் கூடுதல் தடிப்பாகச் செய்து தர இயலுமா என்று விற்பவருக்கு எழுதியிருக்கிறேன். அப்படிச் செய்தால் நட்டு எட்டுச் சுற்று ஏறாது என்பதால், நீளமான போல்ட்டுகளை விசாரிக்க நாளை பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகிறேன்.