வால் நீண்டிருப்பதற்குப் பென்சீன்தான் காரணமா?

கேள்வி: முதுகலை மாணவி, கோவை

வணக்கம். பெட்ரோல் பங்க்குகளில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடும் ஊழியர்களின் வெள்ளணுக்களில் டிஎன்ஏ எந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்பதைக் காமெட் சோதனை மூலம் அளந்துவருகிறேன். சிதைந்த டிஎன்ஏ செல்லிலிருந்து வால்மீனின் வால்போல நீளும்; அந்த வாலைத்தான் அளக்கிறோம். இதுவரை 20 ஊழியர்களிடமும், ஒப்பீட்டுக்காக எங்கள் துறை மாணவர்கள் 20 பேரிடமும் இரத்தம் எடுத்திருக்கிறேன். ஊழியர்களின் செல்களில் வால் தெளிவாகவே நீண்டிருக்கிறது. ஆனால், அவர்களின் இரத்தம் பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணப்பட்டு ஆய்வகத்துக்கு வந்தது. மாணவர்களின் இரத்தமோ எடுத்த கால் மணி நேரத்தில் ஸ்லைடுக்குப் போய்விட்டது. இந்த வேறுபாட்டுக்குப் பெட்ரோலில் உள்ள பென்சீன்தான் காரணம் என்று எழுதலாமா? இரத்தம் கொடுத்த அண்ணன் ஒருவர், "எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.

பதில்: ஆய்வக நுட்பர், சென்னை

இப்போதைக்கு அப்படி எழுதாதீர்கள். செல்லை அகரோஸ் கூழில் பதித்து, உப்புச் செறிவு மிகுந்த கரைசலில் அதன் சவ்வையும் புரதங்களையும் கரைத்து, பிஎச் 13க்கு மேற்பட்ட காரத்தில் டிஎன்ஏ இழைகளைப் பிரித்த பிறகே மின்சாரம் செலுத்துகிறோம். அறுந்த பகுதிகள் நேர்மின் முனையை நோக்கி வாலாக இழுபடுகின்றன. அந்த அறுப்பு பங்க்கில் நேர்ந்ததா, பேருந்தின் வெக்கையில் நேர்ந்ததா, ஸ்லைடின் மேல் சன்னல் வெளிச்சம் பட்டதால் நேர்ந்ததா என்று வாலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் ஊழியர் இரத்தத்தையும் ஒப்பீட்டு இரத்தத்தையும் ஒரே ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, ஒரே தொட்டியில் ஓட்டுங்கள். டிஎன்ஏவை வேண்டுமென்றே சிதைப்பதற்காக ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த செல்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் உடனிருந்தால், அன்றைய ஓட்டம் ஒழுங்காக நடந்ததா என்பது தெரிந்துவிடும். ஸ்லைடுகளுக்குக் குறியீட்டு எண் இடுங்கள். எந்த எண் யாருடையது என்பது எண்ணுபவருக்குத் தெரியவே கூடாது.

பதில்: மரபியல் ஆசிரியர், மதுரை

என் கவலை ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியது. 20 வயது மாணவரையும், 45 வயதில் பீடி பிடிக்கும் ஊழியரையும் ஒப்பிட்டால் வயதையும் புகையையும்தான் அளப்பீர்கள். அதே ஊர் ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்று வேலை பார்க்கும், ஏறத்தாழ அதே வயதும் பழக்கங்களும் உடையவர்களைத் தேடுங்கள். அண்மையில் எக்ஸ்ரே எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.

மேலும், ஒற்றை இழை அறுப்புகளில் பெரும்பாலானவற்றைச் செல் சில மணி நேரத்திலேயே சரிசெய்துகொள்ளும். ஆகவே வால் அண்மைக் காலத்தையே காட்டும். பத்தாண்டுகளாகப் பங்க்கில் நிற்பவரின் கதைக்கு நுண்ணுட்கருச் சோதனையும் தேவை. இரத்தத்தில் பிரியாமல் கிடக்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைப் பைட்டோஹீமக்ளுட்டினின் என்ற தாவரப் புரதம் கொண்டு பிரியத் தூண்டி, 44ஆம் மணியில் சைட்டோகலசின் பி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், உட்கரு இரண்டாகப் பிரியும், ஆனால் செல் பிரியாது. 72ஆம் மணியில் அறுவடை செய்து, இரட்டை உட்கரு உள்ள 1,000 செல்களில், அருகே துளியாய் ஒதுங்கிக் கிடக்கும் நுண்ணுட்கருக்களை எண்ணுங்கள். உடைந்த குரோமோசோம் துண்டுகளோ, பின்தங்கிவிட்ட முழுக் குரோமோசோம்களோதான் அவை. பெண்களிடம் இந்த எண்ணிக்கை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைவும் அதை உயர்த்தும். இந்தச் செல் வளர்ப்புக்கு, இரத்தம் உறையாமல் காக்கும் ஹெபாரின் உள்ள குழாயில் எடுத்த இரத்தமே ஏற்றது.

பதில்: தொழில்நல மருத்துவர், திருச்சி

அந்த அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். 10 நாடுகளைச் சேர்ந்த 6,718 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. நுண்ணுட்கரு மிகுந்தவர்களிடையே பின்னாளில் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் இது குழுவுக்குப் பொருந்தும் உண்மை. தனி ஒருவரின் எண்ணிக்கையை வைத்து அவருக்கு நோய் வரும் என்றோ வராது என்றோ சொல்ல முடியாது என்பதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். பென்சீன், இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் பொருள் என்பதால், முழு இரத்த அணுப் பரிசோதனை ஒன்று செய்துகொடுத்து, அதை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். டேங்க் நிரம்பிவிட்டதா என்று குனிந்து பார்க்கும்போது ஆவி நேரே முகத்தில் அடிக்கிறது. பெட்ரோல் எடுக்கக் குழாயை வாயால் உறிஞ்சுவதும், பெட்ரோலில் கை கழுவுவதும் அதைவிட மோசம். இவற்றை இன்றே நிறுத்தலாம்.

மாணவி:

அனைவருக்கும் நன்றி. பழைய ஸ்லைடுகளை முன்னோட்டமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒப்பீட்டுக்குத் துணிக்கடை ஊழியர்களைக் கேட்கப்போகிறேன். வரும் வாரம் அந்த அண்ணனைப் பார்க்கும்போது முதலில் அணுப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்; அதன் பிறகே மறுபடி இரத்தம் கேட்பேன்.