அம்மாவுக்குத் தோள்பட்டை இறுக்கம், முதல்முறை பிசியோவுக்குப் போகிறோம்

உறையூர்க்காரி:
அம்மாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. சில மாதங்களாக இடது கையைத் தூக்க முடியவில்லை. தலை பின்ன முடியாது, ரவிக்கைக்குள் கையை நுழைப்பதற்குள் கண்ணீர் வந்துவிடுகிறது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று சொல்லி பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார். கையைப் பிடித்து முறுக்குவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டதால் அம்மா வரமாட்டேன் என்கிறார். உள்ளே என்னதான் செய்வார்கள்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தையற்கடை அக்கா, ஈரோடு:
தங்கச்சி, எனக்கு வலது தோள் இப்படித்தான் ஆனது. எனக்கும் சர்க்கரை. கத்தரி பிடிக்கிற கை என்பதால் கடையையே மூட வேண்டியிருக்குமோ என்று இருந்தது. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், முறுக்கமாட்டார்கள்.

முதல் நாள் பாதி நேரம் பேச்சுதான். எப்போது தொடங்கியது, கீழே விழுந்தீர்களா, ராத்திரி எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், என்ன வேலை, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடச் சொன்னார்கள். அப்புறம் கையை நானாகத் தூக்க வேண்டும், பிறகு பிசியோதெரபி செய்யும் பெண் மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னபோது கை அசையவே இல்லை. இந்த நோயில் மிகவும் குறைந்துபோகும் அசைவு அதுதானாம். ஒவ்வொன்றையும் கோணம் அளந்து எழுதிக்கொண்டார்.

ஒத்தடம் வைக்கும் முன் தோலில் சூடு தெரிகிறதா என்று சோதித்தார். சர்க்கரைக்காரர்களுக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டுவிடும் அல்லவா, அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. அதன்பின் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது ஒன்று. சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுவது இன்னொன்று. வீட்டில் என் தையல் டேப்பையே சுவரில் ஒட்டி, விரல் எட்டும் இடத்தைக் குறித்துவைத்தேன். அரை இஞ்ச் கூடினாலும் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும்.

ஒன்று மட்டும் பாருங்கள். மெஷினை வைத்துக் கரண்ட் கொடுத்துவிட்டு, பயிற்சி எதுவும் சொல்லித்தராமல் அனுப்பினால் வேறு இடம் தேடுங்கள். தினமும் வீட்டில் செய்வதில்தான் கை திரும்ப வரும்.

கோவை பிசியோ:
அக்கா சொன்னது சரி. ஆரம்பத்தில் வலி, அப்புறம் இறுக்கம், பிறகு மெல்லத் தளர்வு என்றுதான் இது போகும். ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஆகலாம், சர்க்கரை இருந்தால் இன்னும் தாமதமாகலாம். வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் மென்மையாகத்தான் செய்வோம். பயிற்சியின்போது கொஞ்சம் இழுத்து வலித்து, பிறகு அடங்கினால் பயமில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள், குறைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, கடைசிச் சர்க்கரை ரிப்போர்ட் கொண்டுபோங்கள். தோளைப் பார்க்க வேண்டியிருக்கும், தளர்வான உடை போதும். பெண் பிசியோ வேண்டும் என்று கேட்கலாம், நீங்களும் கூட உட்காரலாம். வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள்.

இடது கை, அதிலும் சர்க்கரை என்பதால் ஒரு வார்த்தை. தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அது பிசியோவுக்கான வலி இல்லை, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உறையூர்க்காரி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், திங்கட்கிழமை போகலாம் என்கிறார். எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா என்று கேட்கிறார்.

கோவை பிசியோ:
லேசாகத் தேய்த்தால் இதமாக இருக்கும், தடையில்லை. ஆனால் இறுகியிருப்பது மூட்டைச் சுற்றியுள்ள உறை. மேலே தேய்ப்பது அதைத் தளர்த்தாது. அழுத்தி நீவவோ கையை இழுத்துச் சொடுக்கவோ யாரையும் விடாதீர்கள்.