அவரைக் கொடியில் குட்டிப் பொறிவண்டு: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மதுரை, மாடித்தோட்டம்:
பொறிவண்டு என்றதும் சிவப்பு முதுகும் கறுப்புப் புள்ளியும்தான் ஞாபகம் வரும். எங்கள் அவரைக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பியிருந்தபோது வந்தது அந்த ரகம் இல்லை. கடுகளவு, 2 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பழுப்பு நிறம், புள்ளி கிடையாது, லென்ஸில் பார்த்தால் முதுகெல்லாம் பூனைமுடி. ஸ்கிம்னஸ் வகை.

வண்டை விட அதன் புழுதான் ஆளை ஏமாற்றும். உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழை தொங்கும், செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி மாதிரியே அசலாக. அத்தை வேப்பெண்ணெய்க் கரைசலோடு வந்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க அத்தை" என்று ஈர்க்குச்சியால் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். மாவுப்பூச்சி என்றால் மெல்ல அசையும். இது விறுவிறுவென்று ஓடியது. பக்கத்தில் இன்னொன்று அசுவினியைக் கவ்விச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெறும் தோல்தான் மிச்சம். அத்தை பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா தின்னட்டும்" என்றார்.

அந்த மெழுகு சும்மா இல்லை. அசுவினி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கசிவுக்காக அதற்குக் காவல் நிற்கும் எறும்புகள் பெரிய பொறிவண்டுகளை விரட்டிவிடும். இந்தப் புழுவைக் கடிக்க வந்தால் வாயில் மெழுகுதான் ஒட்டும்.

ஒட்டன்சத்திரம், கத்தரி வயல்:
பளபளப்பாக இருந்தால் நல்ல வண்டு, மங்கலாக முடியோடு இருந்தால் இலை தின்னும் எபிலாக்னா என்று இங்கே சொல்வார்கள். பெரிய வண்டுக்குச் சரி. நீங்கள் சொல்லும் குட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, இதற்கும் முடி உண்டே! அளவைப் பாருங்கள்: எபிலாக்னா அரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், புழு மஞ்சளாக முள்ளு முள்ளாக இருக்கும், இலையைச் சல்லடை ஆக்கிவிடும். அப்புறம், தொட்டதும் துள்ளினால் அது தெள்ளு வண்டு. பொறிவண்டு துள்ளாது, காலை மடக்கிக்கொண்டு உருண்டு விழும்.

ஏற்காடு:
எங்கள் காப்பித் தோட்டத்திலும் வெள்ளை இழைப் புழு உண்டு, ஆனால் இதைவிடப் பெரிது. வளர்ந்த வண்டு 4 மில்லிமீட்டர் வரும், உடம்பு கறுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. கிரிப்டோலேமஸ் என்று பெயர். காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அது விரும்பித் தின்பதோ மாவுப்பூச்சியை. மதுரைக்காரர் முடிந்தால் அந்தப் புழு வண்டாகும் வரை படம் எடுத்துப் போடுங்கள். புழுவை மட்டும் வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.