பொருள்: காங்காவின் ‘ஜீனா’வுக்குத் தமிழ்ச்சொல்: ‘உடுமொழி’ பொருந்துமா?

அன்பு நண்பர்களே,

ஜூலை 7 உலக சுவாகிலி மொழி நாளுக்கான கட்டுரையில் ஆடை பற்றிய பகுதி என் பொறுப்பு. மூன்று நாளாக ‘ஜீனா’ என்ற ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். தான்சானியாவிலும் கென்யக் கடற்கரையிலும் பெண்கள் உடுத்தும் பருத்தித் துணி காங்கா. சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அகலம். சோடியாகத்தான் விற்பார்கள், ஒன்று இடுப்புக்கு, மற்றது தலைக்கோ தோளுக்கோ. குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வதும் இதில்தான். நாலு பக்கமும் ஓடும் கரைக்குப் ‘பிண்டோ’ என்று பெயர். நடுப்பகுதி ‘ம்ஜி’, அதாவது ஊர். அந்த ஊருக்குள், கீழ்க்கரைக்குச் சற்று மேலே, சுவாகிலியில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அதுதான் ‘ஜீனா’ (நேர்ப்பொருள்: பெயர்). 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் துணி உருவானபோது எழுத்து கிடையாது. வாசகம் பிறகுதான் வந்தது. முதலில் அரபு எழுத்தில், அப்புறம் ரோமன் எழுத்தில்.

பிண்டோவுக்குக் ‘கரை’, ம்ஜிக்கு ‘உடல்’ என்று முன்பே முடிவுசெய்துவிட்டோம். சேலைக்கு நெசவாளர்கள் சொல்வதும் அதுவே. ‘ஊர்’ என்ற அழகு போய்விடுகிறதே என்று எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சரி.

> ‘பழமொழி’ என்றே போடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ‘வேமா ஹவுவோஸி’ (நன்மை அழுகாது) பழமொழிதான். ‘நானி காமா மாமா’ பழமொழியா? ‘அம்மாவைப் போல் யார்?’ என்று ஒரு மகள் கேட்கும் கேள்வி அது (அங்கே மாமா என்றால் அம்மா). வாழ்த்து, பிரார்த்தனை, அரசியல் முழக்கம் எல்லாம் ஜீனாவாக வருகின்றன. தாராப் என்னும் சுவாகிலிக் கடற்கரைப் பாட்டின் வரி துணிக்கு வரும், துணியின் வரி பாட்டுக்குப் போகும்.

> கரைமொழி?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் வரி கரையில் இல்லை, உடலில் இருக்கிறது. துணியைப் பார்த்தவர்கள் உடனே தவறு சொல்வார்கள்.

> நேரே ‘பெயர்’ என்று மொழிபெயர்த்தால் என்ன?

இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காங்காவை நிறத்தைவிட அதன் வரியால்தான் அடையாளம் சொல்வார்கள். வாங்கப் போகிறவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். அப்படிப் பார்த்தால் அது பெயரேதான். ஆனால் தமிழில் ‘காங்காவின் பெயர்’ என்று எழுதினால் துணி வகையின் பெயர் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் ‘ஜீனா, அதாவது பெயர்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

‘துணிமொழி’, ‘ஆடைவாசகம்’ இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் பனியனில் அச்சடித்த வாசகத்துக்கும் அவை பொருந்தும். ஜீனாவின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஒரு பெண் உடுத்திக்கொண்டு நடக்கிறாள். ‘உஸிஸஃபிரியே ந்யோட்டா யா ம்வென்ஸியோ’ என்று ஒரு வரி: அடுத்தவரின் நட்சத்திரத்தை நம்பிப் பயணம் போகாதே. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை; துணிதான் கட்டியிருக்கிறாள். ஆனால் படிக்க வேண்டியவர் படித்துவிடுவார். நம் ஊரில் சாடை பேசுவது என்போமே, அதேதான். சுவாகிலியில் இந்த மறைபேச்சுக்கு ‘ஃபூம்போ’ என்று பெயர். அந்த வரியில் ‘அடுத்தவர்’ என்று நான் தந்த ‘ம்வென்ஸியோ’ என்ற சொல்லும் ஆணா பெண்ணா என்று காட்டாது. சுவாகிலியில் அந்தப் பால்வேறுபாடே இல்லை. எனவே குற்றம் யார்மேல் என்பதும் மறைந்துகொள்கிறது. மொழிபெயர்க்கும்போது ‘தோழி’ என்று போட்டுவிடாதீர்கள்.

அதனால்தான் ‘உடுமொழி’ என்கிறேன். நடுகல், சுடுமண், இடுகுறி போல வினைத்தொகை. உடுத்த மொழி, உடுக்கின்ற மொழி, உடுக்கும் மொழி. கடையில் மடித்து வைத்த காங்காவில் இருப்பதும் உடுமொழிதானா என்று கேட்ட நண்பருக்கு இதுவே பதில்: எதிர்காலமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

‘உடு’ என்றால் விண்மீன் அல்லவா, குழப்பாதா என்று ஒரு கேள்வி. பழைய செய்யுள் படிப்பவர்களுக்குத்தான் அந்தப் பொருள் தோன்றும். அவர்களும் அந்த நட்சத்திர வரியைப் படிக்கும்போது மகிழ்ந்துபோவார்கள் என்று நம்புகிறேன்.

கட்டுரையின் தொடக்கம் பற்றியும் ஒன்று. 1954 ஜூலை 7 அன்று நைரேரேயின் (பின்னாளில் தான்சானியாவின் முதல் அதிபர்) தானு கட்சி சுவாகிலியை விடுதலைப் போராட்டக் கருவியாக அறிவித்ததும், அந்த நாளையே 2021இல் யுனெஸ்கோ உலக நாளாக்கியதும் இப்போது முதல் மூன்று பத்தியை எடுத்துக்கொள்கின்றன. வேண்டிய செய்திதான், ஒரு பத்தி போதும். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள தான்சானியாவில், சுவாகிலியைத் தாய்மொழியாகக் கொள்ளாத உள்நாட்டுப் பெண்களும் காங்கா கட்டுகிறார்கள். கடற்கரையின் மொழி அவர்கள் இடுப்பிலும் ஏறியிருக்கிறது. விழா மேடை ஆண்டுக்கு ஒருநாள், இது அன்றாடம். கட்டுரையை இந்தத் துணியிலிருந்து தொடங்கச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எழுத்துப்பெயர்ப்பு: ‘கங்கா’ வேண்டாம், ஆறு என்று படித்துவிடுவார்கள். சுவாகிலியில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். ‘காங்கா’ என்று நீட்டுவதே ஒலிக்கும் நெருக்கம்.

‘உடுமொழி’க்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ‘துணிமொழி’ முன்மொழிந்த நண்பரின் பதிலுக்காகக் குறிப்பாகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.