நைரோபியை வளர்த்தது ரயிலா, வெயிலா?

தண்டவாளம்:
"கென்யாவின் தலைநகரம் நைரோபியைக் கட்டினது வெயில்ல உக்காந்து தொழில் பண்ற சந்தைக்காரங்கதான்" என்று நேற்று வெயிலான் எழுதியிருந்தார். 1899 மே வரை அங்கே ஊரே கிடையாது. மசாய்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய சதுப்பு நிலம், அவ்வளவுதான். 'குளிர்ந்த நீர்' என்று அவர்கள் சொன்னதுதான் இன்றைய பெயர். மொம்பாசா துறைமுகத்திலிருந்து தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்த பிரிட்டிஷாருக்கு, மலையேறும் முன் எஞ்சின்களை நிறுத்தச் சமதரை வேண்டியிருந்தது. முதலில் பணிமனை, அதன் பின்னாலேயே ஊர். 1905-இல் தலைநகரமும் மொம்பாசாவிலிருந்து இங்கே வந்துவிட்டது. சந்தை எங்கிருந்து வந்தது?

வெயிலான்:
எஞ்சின் நிக்க இடம் பார்த்தது ரயில், சரி. தண்டவாளம் போட்ட கூலிக்காரங்க சாப்பிட்டது என்ன, நிலக்கரியா? சுத்துவட்டாரத்து கிக்குயு விவசாயிங்க வித்த தானியமும் கிழங்கும்தான். இந்தியக் கடைத்தெரு முளைச்சது. 1902-ல பிளேக் வந்ததும் அதிகாரிங்க அதைக் கொளுத்திட்டாங்க. அப்புறம் கிபாண்டே: ஆப்பிரிக்க ஆம்பளைங்க கழுத்துல தகர டப்பாவுல அடையாளச் சீட்டைக் கட்டிக்கிட்டு அலைய வேண்டியிருந்துச்சு. அன்னைக்கு நகரத்துக்கு அவங்க உழைப்பு வேணும், குடித்தனம் வேண்டாம்.

நகர வரைபடத்துல இடம் கிடைக்காதவன் வெயில்ல உக்காந்து தொழில் பண்ணான். ஸ்வாஹிலில அதுக்குப் பேரே 'ஜுவா காலி', கடும் வெயில். நைரோபி கமுகுஞ்சிச் சந்தையில பழைய டிரம்மை வெட்டி அடுப்பு, டிரங்குப் பெட்டி, கராய்னு அடிச்சுத் தள்ளுறாங்க. (கராய் நம்ம கடாயேதான், கப்பலேறிப் போனது.) சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1972-ல கென்யா பத்தி வெளியிட்ட அறிக்கைதான் பதிவும் சட்டப் பாதுகாப்பும் இல்லாத இந்த மாதிரித் தொழில்களுக்கு 'முறைசாராத் துறை'ங்கிற சொல்லை உலகம் முழுக்கப் பரப்புச்சு. இன்னைக்கு கென்யாவுல வேலை பாக்குற பத்துப் பேர்ல எட்டுப் பேர் அந்தக் கணக்குலதான் வர்றாங்க.

தண்டவாளம்:
எட்டுப் பேர் என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, அதுதானே நோய்? அந்த எட்டுப் பேருக்கு ஓய்வூதியம் உண்டா, காயம்பட்டால் இழப்பீடு உண்டா? கென்யாவின் மொத்த உற்பத்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நைரோபி தருகிறது என்றால், வங்கிகளும் தண்டவாளத்தை ஒட்டிய தொழிற்பேட்டையும் விமானத்தில் ஏற்றுமதியாகும் ரோஜாக்களும் இருப்பதால்தான். வறுமையைச் சாமர்த்தியம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கணக்குப்பிள்ளை:
குறுக்கே ஒரு வார்த்தை. கைபேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசாவை எந்தப் பக்கம் எழுதுவீர்கள், ரயிலிலா, வெயிலிலா? 2007-இல் தொடங்கியது பெரிய தொலைபேசிக் கம்பெனி. அதைத் தூக்கி நிறுத்தியதோ கிராமத்து அம்மாவுக்குச் சம்பளத்தில் கொஞ்சம் அனுப்பியவர்களும், பெட்டிக்கடை முகவர்களும். 'பெசா' என்றால் பணம். நம் பைசாவுக்கு உறவு.

வெயிலான்:
அதைத்தான் நானும் கேக்குறேன், கணக்கு அண்ணே. சில்லறை இவங்களது, கமிஷன் யாருக்குப் போகுது?

தண்டவாளம் சார், உங்க ரயிலுக்கே வர்றேன். ஊர் ஜனம் 44 லட்சம் (2019 கணக்கெடுப்பு). தினமும் அவங்களைச் சுமக்குறது மடாட்டு வேன். முப்பது காசு கட்டணத்துல ஓடினதால ஸ்வாஹிலில மூணைக் குறிக்கிற 'டாட்டு'ங்கிற சொல்லுலேர்ந்து வந்த பேர்னு சொல்லுவாங்க. பஸ் கம்பெனிக்கு ஏகபோகம் குடுத்திருந்த காலத்துல அது திருட்டு வண்டி. 1973-ல ஜனாதிபதி கென்யாட்டா உத்தரவு போட்ட பிறகுதான் சட்டத்துக்குள்ள வந்துச்சு. 2017-ல சீனக் கடன்ல புது ரயில் விட்டாங்களே, அதோட நிலையம் ஊருக்கு வெளிய சியோகிமாவுல. இறங்கினதும் நகரத்துக்குள்ள போக இன்னொரு வண்டி ஏறணும்!

தண்டவாளம்:
சியோகிமாவு விஷயத்தில் வாதாட மாட்டேன். அங்கே கொண்டுபோய் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் மச்சாகோஸை யாருமே தொடவில்லை. ரயிலுக்கு முன்பே உள்நாட்டில் பிரிட்டிஷ் நிர்வாகம் உட்கார்ந்திருந்த ஊர் அது. சந்தை இருந்தது, உழைக்கும் கம்பா மக்கள் இருந்தார்கள், வெயிலும் குறைவில்லை. தண்டவாளம் அந்தப் பக்கம் போகவில்லை. 1899-இலேயே அதிகாரி அலுவலகத்தைத் தூக்கிக்கொண்டு நைரோபிக்கு வந்துவிட்டார். வெயில் போதுமென்றால் தலைநகரம் ஏன் மச்சாகோஸில் இல்லை?

வெயிலான்:
மச்சாகோஸுக்கு என்கிட்ட பதில் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா நீங்க சொல்றது தலைநகரம் எப்படி வந்துச்சுங்கிறது. நான் கேட்டது அது எப்படிப் பொழைக்குதுன்னு. கணக்கு அண்ணே, அந்தக் கமிஷன் கேள்விய விட்டுட்டுப் போயிடாதீங்க.