போக்கரில் ஃப்ளாப்புக்கு (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) முன்னால் பந்தயத்தை எவ்வளவு ஏற்றினீர்கள்? மனதை விட்டுப் போகாத ஒரு ஆட்டம்

சேலத்துக்காரன்:
கோவா, மாண்டவி ஆற்றுக் கேசினோ கப்பல், 100/200 பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய பந்தயம்). மூன்று பேர் லிம்ப் (ஏற்றாமல் பெரிய பிளைண்டுக்குச் சமமாக மட்டும் போட்டார்கள்). பட்டனில் (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியாகப் பேசும் இடம்) எனக்கு ஜோடி ஏஸ். எல்லோரும் ஓடிவிடுவார்களோ என்று பயந்து வெறும் 600 போட்டேன். ஸ்மால் பிளைண்ட் மட்டும் ஃபோல்டு (சீட்டைக் கைவிட்டார்), மற்ற நாலு பேரும் கால் (அதே தொகைக்குச் சமமாகப் போட்டார்கள்). கடைசியாகப் பேசிய பெரியவர் தன் சீட்டை மறுபடி பார்க்கக்கூட இல்லை. "நானூறுதானே" என்று இந்தியில் முணுமுணுத்தபடி நாலு சிப்பை ஒவ்வொன்றாக, பல்லாங்குழிக்குக் காய் போடுவது போலப் போட்டார். ஃப்ளாப் 9-6-5. அவரிடம் 6-5, இரண்டு ஜோடி. என் 20,000 போச்சு. ராத்திரி அறைக்கு வந்து கணக்குப் போட்டால், ஏற்கெனவே 200 போட்டிருந்த அவர், இன்னும் 400 போட்டு மேசையில் சேர்ந்திருந்த 2,700-ஐப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். யாராக இருந்தாலும் கால்தான் செய்வார்கள். அந்த 600-க்கு மேல், லிம்ப் செய்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெரிய பிளைண்ட் கூட்டி 1,200-ஆவது ஏற்றியிருக்க வேண்டும். மளிகைக் கடையில் நானூறு ரூபாய் என்றாலே அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

ராத்திரி ஷிப்ட்:
எனக்கு நேர் எதிர். லாஸ் வேகாஸ், 1/3 டாலர் மேசை. எல்லோரும் 12, 15 என்று ஏற்றுகிற இடத்தில் ஜோடி ஜாக் வந்தால் மட்டும் நான் 25. ஜோடி ஏஸ், ஜோடி ராஜா என்றால் 15. ஃப்ளாப்பில் ராணியோ ராஜாவோ வந்து விழுமே என்ற பயம்தான். மூன்றாவது தடவை 25-ஐத் தள்ளினேன். எதிரே இருந்த பெண்மணி சாண்ட்விச்சை மென்றுகொண்டே "மறுபடியும் ஜாக்கா?" என்றார். டீலரே சிரித்துவிட்டார். எல்லோரும் ஃபோல்டு. ஜெயித்தது பிளைண்ட் இரண்டும் சேர்த்து 4 டாலர்.

கணக்கு வாத்தி:
சேலத்துக்காரரே, 600 போட்டது தப்பில்லை, ஃப்ளாப்புக்கு அப்புறம் விடாப்பிடியாக நின்றதுதான் தப்பு. எதிரே நாலு பேர், கையில் என்ன இருந்தாலும் சரி, கடைசிச் சீட்டு வரை போனால் ஜோடி ஏஸ் ஜெயிப்பது நூற்றுக்குச் சுமார் 56 தடவைதான். ஒரே ஆள் என்றால் 85.
என் கதை சின்னது. டோர்னமென்ட், கையில் 12 பெரிய பிளைண்ட் அளவு சிப். 3 போட்டேன், ஒருவர் ஆல்-இன் (கையில் உள்ளது அத்தனையும்) என்றார், ஃபோல்டு செய்தேன். கால்வாசி ஸ்டாக் (சிப் கையிருப்பு) தானம்.
அதனால் சொல்கிறேன், அந்த நிலைமைக்கு வந்துவிட்டால் ஒன்று ஆல்-இன், இல்லை ஃபோல்டு. 100 பிளைண்ட் இருந்தால் இரண்டரை, மூன்று போதும். நேரடி மேசையில் நாலு, ஐந்துகூட கால் ஆகும். வேறு யாராவது ஏற்றியிருந்தால், அவருக்குப் பின்னால் பேசும் இடமாக இருக்கும்போது அதைப் போல மூன்று மடங்கு. பிளைண்ட் போட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் நாலு மடங்கு. அப்புறம், நல்ல சீட்டுக்கு ஒரு அளவு, பயமுறுத்தும் சீட்டுக்கு ஒரு அளவு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி ஷிப்ட், இது உங்களுக்கு.

ராத்திரி ஷிப்ட்:
நான் எப்போது கேட்டேன்?

சேலத்துக்காரன்:
வாத்தியாரே, அந்த நாலு பேரை உள்ளே விட்டதே என் 600-தானே. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஊமைச் சிப்:
இவ்வளவு கணக்கெல்லாம் எனக்கு வராது. 100/200, ஜோடி ராஜா, முன்னால் இரண்டு லிம்ப். வாயைத் திறக்காமல், கெத்தாக, ஒரே ஒரு 1,000 சிப்பைத் தூக்கிப் போட்டேன். டீலர் "கால்" என்று சொல்லி 800-ஐ என் பக்கம் நகர்த்தினார். ரைஸ் (ஏற்றுகிறேன்) என்று சொல்லாமல் ஒற்றைச் சிப் போட்டால் அது கால்தானாம். ஐந்து பேராக ஃப்ளாப் பார்த்தோம். முதல் சீட்டே ஏஸ்.