சர்க்கரை நோய் இல்லாதவர் கையில் சென்சார் எதற்கு?

பாம்பன் கரையோன்:
என் தம்பிக்கு 31 வயது. சர்க்கரை நோய் கிடையாது. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்தவன் மேற்கையின் பின்பக்கம் நாணயம் அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். உடலில் சர்க்கரை எவ்வளவு என்று இடைவிடாமல் கைபேசிக்கு அனுப்புமாம். அம்மா ஆசையாகச் சோறும் விளமீன் குழம்பும் வைத்தார். சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் கைபேசி 148 என்று காட்டியது. அன்று இரவு முதல் சோற்றைத் தொடவில்லை. அம்மா அழுதுவிட்டார். பதினான்கு நாளில் கழற்றி எறியும் பொருளுக்குச் சில ஆயிரம் ரூபாய்! நோயே இல்லாதவனை நோயாளியாக நடக்க வைக்கும் வியாபாரம் இது.

மண்டபம் வாசி:
அண்ணன், நானும் உங்கள் தம்பியைப் போல ஒட்டிக்கொண்டவன்தான். அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. ஆறாத புண்ணால் அப்பாவின் கால் விரலை எடுத்தார்கள். எனக்கு வெறும் வயிற்றில் 104. நோய் என்றும் சொல்ல முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. அந்த இரண்டாவது நிலையின் விளிம்பில் நிற்பவன் நான்.

கருப்பட்டிக் காபி சர்க்கரையை ஏற்றாது என்று எங்கள் வீட்டில் காலம்காலமாக நம்பினார்கள். மருத்துவர் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. காபி குடித்ததும் என் கைபேசியில் சர்க்கரைக் கோடு மலைபோல் ஏறியதைப் பார்த்த பிறகே நிறுத்தினார். இரவு சாப்பிட்டதும் இருபது நிமிடம் கடற்கரையில் நடந்தால் அதே சோற்றுக்கு ஏற்றம் குறைகிறது. இதை வேறு எது எனக்குக் காட்டியிருக்கும்?

பாம்பன் கரையோன்:
விரலில் குத்திப் பார்க்கும் கருவி காட்டியிருக்கும் தம்பி. காபிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. செலவு சில பத்து ரூபாய்.

ஏர்வாடி செவிலி:
சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில், திசுக்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ஆகவே இரத்தத்தைவிட ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாக இறங்கிக் காட்டும். நோய் உண்டா என்று முடிவு செய்வது இரத்தப் பரிசோதனைதான்: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல்.

நோய் இல்லாதவருக்கும் சாப்பிட்ட பின் சிறிது நேரம் 140ஐத் தாண்டுவது உண்டு. 148ஐக் கண்டு சோற்றை விட வேண்டியதில்லை. கைபேசியில் கோடு ஏறாமல் இருக்க வேண்டும் என்று சோற்றை விட்டுப் பொரித்த மீனாகவே தின்பவர்களைப் பார்க்கிறேன். கொழுப்பு ஏறுவதை அந்தச் சென்சார் சொல்லாது.

இன்னொன்று. குத்தாமலே சர்க்கரை காட்டும் என்று விற்கும் கைக்கடிகாரங்களை நம்பி மருந்தின் அளவை மாற்றிவிடாதீர்கள். அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

மண்டபம் வாசி:
அதே துறைதான் மறு மாதமே, இன்சுலின் போடாத பெரியவர்கள் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிக்கொள்ள ஒரு சென்சாருக்கு அனுமதி கொடுத்தது அக்கா. அதையும் சொல்லுங்கள்.

தொண்டி நாட்டுப்படகு:
நான் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவன். வலை இழுக்கும்போது வரும் வியர்வையும் நடுக்கமும் வேலையாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று கடலில் பிரித்தறிய முடியாது. ஒரு நாள் விடியற்காலையில் பேச்சுக் குழறிச் சரிந்துவிட்டேன். கூட வந்த மைத்துனர் குளுக்கோஸ் மாவைக் கரைத்து வாயில் ஊற்றினார். இப்போது 70க்குக் கீழே போகும் முன்பே கைபேசி கத்துகிறது. புளூடூத் என்பதால் கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும் வேலை செய்கிறது. எல்லாச் சென்சாரையும் வியாபாரம் என்று ஒதுக்காதீர்கள்.

ஏர்வாடி செவிலி:
அண்ணன், மயங்கி விழுங்க முடியாதவருக்கு எதையும் வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். நீங்கள் விழுங்கும் நிலையில் இருந்ததால் தப்பித்தீர்கள். படகில் உள்ளவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். பாசி எடுக்க மூழ்கும் பெண்களும் கவனிக்க வேண்டும்: ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற சென்சார்கள் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்தான் தாங்கும்.

கீழக்கரை உம்மா:
என் மகனுக்கு 11 வயது, முதல் வகைச் சர்க்கரை. இரவில் மூன்று முறை எழுந்து விரலில் குத்துவேன். இப்போது சென்சார் கூப்பிட்டால்தான் எழுகிறேன். நோன்பு வைக்க ஆசைப்படுகிறான். மருத்துவர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். அவனுடைய மாமா இன்சுலினோடு நோன்பு வைக்கிறார். 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மாதம் இரண்டு சென்சார் வாங்க என் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்தில் பெரும்பகுதி போகிறது. ஆசைக்கு வாங்குகிறவர்களை நான் தடுக்கவில்லை. இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு அரசு இதை இலவசமாகத் தர வேண்டும் என்று நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

மண்டபம் வாசி:
கேட்கிறேன் லாத்தா. ஆனால் என் சென்சாரை வீண் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பாவின் விரலைப் பார்த்தவன் நான்.

பாம்பன் கரையோன்:
தம்பி, 104 உள்ள உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் தம்பிக்கு மூன்று மாதச் சராசரி 5.2. செவிலி அக்கா எழுதியதை நாளை மதியம் அவனுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அம்மா மறுபடியும் விளமீன் வாங்கச் சொல்லியிருக்கிறார்.